பாஸ்குப் பிரதியில் யார் "யூதர்" என்பது, யார் "இஸ்ரயேல்" என்பது?

தவக்காலத்தில் வன்னிப் பங்குகளில் பாஸ்குப் பிரதியை (இயேசுவின் பாடுகளை நடிக்கும் நாடகத்தின் எழுத்துப் பிரதி) தூசு தட்டி எடுக்கும்போது ஒரு பிழையைத் திருத்திவிடுங்கள். பல பிரதிகளில் பிலாத்து, சேவகர், தலைமைக் குருக்கள் எல்லோருமே "யூதரின் அரசர்" என்றுதான் பேசுகிறார்கள். மாற்கு 15ஆம் அதிகாரத்தில் அப்படி இல்லை. பிலாத்துவின் கேள்வி (2), படைவீரரின் ஏளனம் (18), சிலுவையில் எழுதிய குற்றச்சாட்டு (26) மூன்றிலும் "யூதரின் அரசர்". தலைமைக் குருக்கள் மறைநூல் அறிஞரோடு சேர்ந்து தங்களுக்குள் ஏளனம் செய்யும்போது (32) "இஸ்ரயேலின் அரசர்". வெளியார் வைத்து அழைக்கும் பெயர் ஒன்று, உள்ளார் தங்களுக்குள் சொல்வது இன்னொன்று.

இது எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. முள்ளியவளைக்காரர் யாழ்ப்பாணத்தில் "வன்னி" என்பார், கொழும்பில் "வடக்கு" என்பார்.

நாணயங்களில் இது பளிச்சென்று தெரியும். கி.பி. 66இல் உரோமைக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் வெள்ளிக்காசில் "இஸ்ரயேலின் செக்கேல்" என்று பொறித்தார்கள். வென்ற உரோமைப் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசில் இருப்பதோ "யூதேயா பிடிபட்டது". 1 மக்கபேயர் நூலும் கதை சொல்லும்போது "இஸ்ரயேல்" என்கிறது. உரோமையுடன் செய்த உடன்படிக்கையில் (8:23) "யூத இனம்" என்று எழுதுகிறது. ஆனால் இதை இரும்புச் சட்டமாக்க வேண்டாம். மக்கபேயர் வழிவந்த யூத ஆட்சியாளரான அசமோனியர் தங்கள் காசில் எபிரேய எழுத்திலேயே "யூதர் சபை" என்று பொறித்தவர்கள்.

மோசே நாடகத்தில் வரும் பிழை இதைவிடப் பெரியது. அங்கே "யூதர்" என்ற சொல்லே வரக்கூடாது. கி.மு. 1208 அளவில் எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்வெட்டில் இருப்பது "இஸ்ரயேல்". அதை நாடாக அல்ல, மக்கள் கூட்டமாகக் காட்டும் குறியோடு எழுதியிருக்கிறார்கள். இஸ்ரயேல் என்ற வட அரசு கி.மு. 722 அளவில் அசீரியரிடம் விழுந்து, தெற்கே யூதா அரசு மட்டும் மிஞ்சிய பிறகுதான் "யூதர்" பரவலாயிற்று. எஸ்தர் நூலில் மொர்தக்காய் யூதா குலத்தவர் அல்ல, பென்யமின் குலத்தவர், ஆனாலும் "யூதர்" எனப்படுகிறார். பார்வோனுக்கு முன்னால் வசனம் எழுதும்போது விடுதலைப் பயணம் 5ஐப் பின்பற்றுங்கள்: மோசே முதலில் "இஸ்ரயேலின் கடவுள்" என்கிறார், பார்வோன் "அவரை அறியேன்" என்றதும் "எபிரேயரின் கடவுள்" என்று மாற்றுகிறார்.

நல்ல சமாரியர் காட்சியில் சமாரியரை "இஸ்ரயேலர் அல்லாதவர்" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். தேலோஸ் தீவில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டுகளில், தங்கள் புனித மலையான கெரிசிமுக்குக் காணிக்கை அனுப்பிய சமாரியர் தங்களை "இஸ்ரயேலர்" என்றே எழுதியிருக்கிறார்கள்.