போதுமாய்யா

நவம்பர் 4, 2024

படத்தை அனுப்பிய விழாவிலிருந்து இன்றும் மெயில் இல்லை.

நவம்பர் 6

படத்துக்குக் கலர் பார்க்க உட்கார்ந்தோம். மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை புகை, புகை, புகை. கலரிஸ்ட் தம்பி நல்ல வேலைக்காரன். ஆனால் எல்லாப் புகையையும் ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். அழகாக இருக்கிறது என்றான். இருந்தது. ஆனால் அது விறகை மண்ணால் மூடிக் கரியாக்கும் கரிமூட்டத்துப் புகை இல்லை. தீ வைத்த புதிதில் விறகில் ஈரம் இருக்கும், புகை வெள்ளையாகக் கனத்து வரும். நாள் போகப்போக மெலிந்து நீலம் தட்டும். நீலம் வந்துவிட்டால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் படம் எடுத்த அப்பத்தா வாசலில் உட்கார்ந்தபடியே தூரத்துப் புகையைப் பார்த்து, இன்னும் 2 நாள் கிடக்கட்டும் என்பார். படத்தில் நாள் நகர்வதே அந்த நிறத்தில்தான். ஒவ்வொரு ஷாட்டாக மறுபடி பிரித்தோம். தம்பி முகம் சுருங்கிவிட்டது. நாளைக்குப் பிரியாணி வாங்கிக்கொடுக்க வேண்டும்.

நவம்பர் 9

நகைக்கடன் ஓராண்டு முடிந்தது. வட்டியை மட்டும் கட்டிவிட்டுத் திருப்பி வைத்தோம். தங்கம் ஏறியிருக்கிறது, வேண்டுமானால் மேற்கொண்டு பணம் தருகிறோம் என்றார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். கழுத்தில் மஞ்சள் கயிறு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நவம்பர் 12

ஆடு. நாங்கள் நடிக்கவைத்த ஆடுகள் இல்லை. அந்த ஊரில் எங்கே கேமரா வைத்தாலும் குறுக்கே வந்து போகும் ஆடுகள். விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது. முன்பு திருவான்மியூரில் இருந்த அலுவலகம் இப்போது ஹரியானாவில். ஆட்டுக்காரரிடம் கையெழுத்து, மருத்துவர் சான்று, காட்சி விவரம், கட்டணம். இன்று முழுக்க இதுவே.

தணிக்கையை நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். வெட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை உயர் நீதிமன்றம் போக வேண்டும். 31 லட்சத்தில் படம் எடுத்தவன் வக்கீலுக்கு எங்கே போவான்?

நவம்பர் 15

அப்பத்தா பேரனின் போனில் பேசினார்.

"என்னய்யா, படம் எப்ப வரும்?"

"வந்துரும் அப்பத்தா. தை மாசம் தெரிஞ்சுரும்."

"போன வருசமும் தைன்னுதான் சொன்ன."

அப்புறம் பேரன் வாங்கிச் சொன்னான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், இடதிலும் பாதிதானாம். கண் முகாம் வந்தபோது பார்த்து மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார்.

40 வருடப் புகை. 23 நாள் நானும் அந்தப் புகையில் நிறுத்திவைத்தேன். இன்னொரு டேக் அப்பத்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு அப்பத்தா.

நவம்பர் 17

தூக்கம் வரவில்லை. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர், இயக்குநர் ரித்விக் கட்டக்கின் மாணவர். மொத்தமே 4 படங்கள். அதில் ஒன்று நம் மொழியில், 1977இல், 'அக்ரஹாரத்தில் கழுதை'. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ஒரு மலையாளிக்கு. ஆனால் நான் இரவில் நினைப்பது 1986இல் வந்த 'அம்ம அறியான்' எடுக்கப்பட்ட விதத்தை. தயாரிப்பாளர் கிடையாது. ஒடேசா என்று ஒரு கூட்டம். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, சனங்கள் கொடுத்த சின்னச் சின்னக் காசைச் சேர்த்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததை மறுபடி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு மே 31, கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். 50 வயது ஆகவில்லை.

காசு கொடுத்தவனிடமே படம் திரும்பிப் போனது. நான் யாரிடம் வாங்கினேன், யாருக்குக் கொண்டுபோகிறேன்?

நவம்பர் 21, கோவா

திரைப்படச் சந்தையில் ஒருவருக்கு 15 நிமிடம். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேசைக்கு மேசை படத்தை 2 வரியில் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து 7 பேரிடம் சொல்லிவிட்டேன். ஏழாவது முறை சொல்லும்போது அது என் படம் மாதிரியே இல்லை, எங்கோ கேட்ட கதை மாதிரி இருந்தது.

விற்பனை முகவர் ஒரு பெண்மணி, உண்மையாகவே முழுப் படத்தையும் பார்த்திருந்தார். முகங்கள் மனதில் நிற்கின்றன என்றார். பிறகு, மூட்டம் பிரிக்கும் அந்த ஷாட்டை 2 நிமிடத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எங்கும் திரையிட்டுவிடாதீர்கள், பெரிய விழாக்களுக்கு உலகின் முதல் திரையிடல் வேண்டும், ஒரு முறை காட்டிவிட்டால் போச்சு என்றும் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

நவம்பர் 22

இரண்டு நிமிடமாம்.

நவம்பர் 25

சென்னை. பாயல் கபாடியாவின் படத்தைத் தியேட்டரில் பார்த்தோம். 30 ஆண்டுகளுக்குப் பிறகு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படம், கிராண்ட் ப்ரீ விருதும் வாங்கியது. எங்கள் காட்சியில் மொத்தம் 19 பேர், எண்ணினேன். முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அரை நிமிட அமைதிக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பால்காரருக்கு 2 மாத பாக்கி.

நவம்பர் 27

எடிட்டரும் நானும் 3 நிமிடம் 40 நொடியை 1 நிமிடம் 55 நொடியாக ஆக்கிப் பார்த்தோம். ஓடுகிறது. எங்கும் இடறவில்லை. அதுதான் பிரச்சினை.

அந்த ஷாட்டில் அப்பத்தா மண்வெட்டியால் மூட்டத்தின் மேல்மண்ணைச் சுரண்டி இறக்குவார். முதல் ஒரு நிமிடம் அது வேலை, அவ்வளவுதான். இரண்டாவது நிமிடம் கை ஓய்ந்து, மண்வெட்டிக் காம்பின் மேல் கையை ஊன்றி மூச்சு வாங்குவார். உள்ளிருந்து ஒரு துண்டுக் கரியை எடுத்து இன்னொன்றோடு தட்டிப் பார்ப்பார். நன்றாக வெந்த கரி கண்ணாடி மாதிரி கிணுங்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு முகத்தில் ஒன்று வரும். சிரிப்பு இல்லை. அதற்கு இன்னும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் கட் சொல்ல மறந்து நின்றுவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி லென்ஸைப் பார்த்துக் கேட்டார், "போதுமாய்யா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் வெட்டிவிட்டுத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் அது மட்டும் தனியாகக் கிடக்கிறது. இன்றிரவு 4 முறை கேட்டேன்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். 2 ஹார்ட் டிஸ்கையும் அரிசி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, பரணில் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன். கரண்ட் இல்லை. அவள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசம் வைத்தாள்.

டிசம்பர் 3

மெயில் வந்துவிட்டது.

இறுதிப் பரிசீலனையில் இருக்கிறதாம். முடிவு ஜனவரியில். அதுவரை எங்கும் பொதுத் திரையிடல் செய்யக் கூடாது, உறுதி கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலைந்து முறை படித்தேன். கை நடுங்கியது. அவள் படித்துவிட்டு என் தலையில் கை வைத்தாள். கேமராமேனுக்குப் போன் செய்தேன், அழுதுவிட்டான். 2021இல் 'கூழாங்கல்' படம் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியபோது நாங்கள் இரண்டு பேரும் வடபழனியில் ஒரு கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் நம்மாலும் முடியும் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம்.

உறுதி கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 6

அப்பத்தா கடைசியில் ஒத்துக்கொண்டார். நாளை முகாம் வண்டியில் மதுரை போகிறார். முதலில் வலது கண்.

டிசம்பர் 8

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோவைப் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 11

போன்.

"ஏய்யா, இப்ப வெள்ளையா தெரியுது. புகை பட்டா மறுபடி போயிருமாம்ல. தெரியுறப்பவே அதைக் காட்டிரு."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்துரும் அப்பத்தா என்றேன், வழக்கம்போல. வைத்த பிறகு அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழாவுக்குப் போகாவிட்டால் இந்தப் படத்தை யார் சீண்டுவார்கள்? ஓ.டி.டி.காரர்கள் முதலில் கேட்பதே எந்த விழா என்றுதான். நகை, வீடு, கேமராமேனின் அடுத்த வேலை, எடிட்டருக்கு இன்னும் நான் தராத சம்பளம், எல்லாம் அந்த ஒரு மெயிலில் இருக்கிறது. ஜனவரி வரைக்கும்தானே? ஒரு மாதம்தானே?

ஒரு மாதத்தில் அவர் 2 மூட்டமாவது போட்டுவிடுவார். சொன்னால் கேட்கிற ஆளா?

டிசம்பர் 12

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க வீட்டுச் சுவர்ல அவங்க முகத்தை அவங்களுக்குக் காட்டுறது எப்படிங்க பொதுத் திரையிடல் ஆகும்?"

டிசம்பர் 13

கார்த்திகை. வாசலில் விளக்கு. எடிட்டரை வரச் சொன்னேன். ஊருக்கென்று ஒரு பிரதி. 3 நிமிடம் 40 நொடி அப்படியே, அதற்குப் பின்னால் அந்தக் கேள்வியும். சப்டைட்டில் வேண்டாம். நீலப் புகை, வெள்ளைப் புகை எல்லாம் இருக்கிறது. எடிட்டர் ஒன்றும் பேசாமல் செய்து கொடுத்தான். போகும்போது, விழாவுக்கு அனுப்பியதிலும் இப்படியே வைத்திருக்கலாம் அண்ணே என்றான்.

டிசம்பர் 15

நண்பனிடம் புரொஜெக்டர் வாங்கியாச்சு. கிளாம்பாக்கத்தில் 7:40 பஸ். அவள் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

டிசம்பர் 16

விடிகாலை 5:20, கமுதி. பேரன் பைக்கோடு நிற்கிறான். பஞ்சாயத்து ஆபீஸ் வேண்டாம் அண்ணே, எங்க வீட்டுச் சுவருக்கே சுண்ணாம்பு அடிச்சுட்டோம் என்கிறான். நேற்று ராத்திரி மூட்டத்தில் ஓட்டை விழுந்து தீ வெளியே வந்துவிட்டதாம், யார் சொல்லியும் கேட்காமல் அப்பத்தா மண் அள்ளிக்கொண்டு ஓடினாராம். கண்ணாடி போட்டிருந்தாரா என்று கேட்டேன். தெரியலை அண்ணே, இருட்டு என்றான்.

புரொஜெக்டரை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் புகை தெரிகிறது. இந்த வெளிச்சத்தில் நிறம்