சுவருக்குள் இருந்தது

"வேற வழி ஒண்டும் இல்லையோ தம்பி?" என்று அந்த அன்ரி கேட்டார். "இல்லை அன்ரி" என்றேன். 2023 பெப்ரவரியில் சொன்ன அந்த 'இல்லை' இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நூறு வருடம் தாண்டிய வரிசை வீடு. விற்பனைக்குப் போடமுதல் ஈ.பி.சி. (EPC), அதாவது வீட்டின் ஆற்றல் திறன் சான்றிதழ், எடுக்கவேண்டும் என்று ஏஜென்ட் சொல்லி, அதைக் கணித்துக் கொடுக்கிற என்னைக் கூப்பிட்டிருந்தார். பொய்லர் மொடலைக் குறித்தேன். கூரைக்குக் கீழே லொஃப்டில் ஏறி வெப்பக் காப்பு விரிப்பின் தடிப்பை அளந்தேன், 100 மில்லிமீட்டர். இப்போது 270 போடச் சொல்கிறார்கள். இதிலெல்லாம் பிரச்சினை இல்லை. பிரச்சினை சுவர்.

வெளியே பார்த்தால் செங்கல் ஒன்று நீளவாக்கில், அடுத்தது தலைப்பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தது. அப்படியென்றால் நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர். வீட்டுச் சூடு அதன் வழியேதான் போகும். ஆனால் அன்ரி சொன்னார்: "உள்பக்கம் முழுக்க இவர்தான் போர்ட் அடிச்சவர். பின்னால நுரைப் பலகை வைச்சுத்தான் அடிச்சவர். ரண்டு விண்டர், சனி ஞாயிறு எல்லாம் அதிலதான் போனது." அவர் சொன்ன 'இவர்' ஹோலில் மாலை போட்ட படத்தில் இருந்தார்.

தட்டிப் பார்த்தேன். வெற்றுச் சத்தம். வாசல் நிலையில் அளந்தேன், 310 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் பூச்சோடு சேர்த்து 250ஐத் தாண்டாது. மிச்சம் 60இல் ஏதோ இருக்கிறது.

'ஏதோ' போதாது. வெறும் சட்டம் அடித்து அதன்மேல் போர்ட் அறைந்திருந்தாலும் இதே சத்தமும் இதே தடிப்பும் வரும். வெப்பக் காப்பு இருக்கிறது என்று பதிய அதைக் கண்ணால் காணவேண்டும், அல்லது ரசீதோ வேலை நடந்தபோது எடுத்த படமோ வேண்டும். வீட்டுக்காரரின் வாய்ச்சொல் கணக்கில் வராது. சுவரில் துளை போடவும் எங்களுக்கு அனுமதி இல்லை. ரசீது கேட்டேன். "அவர் போனபிறகு அந்தப் பேப்பர் எல்லாத்தையும் நான்தான் எறிஞ்சனான்" என்றார். பிறகு, "கையை வைச்சுப் பாருங்கோ, குளிருதோ எண்டு." வைத்தேன். குளிரவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

விதியின்படி நான் செய்தது சரி. அதற்கு ஒரு வருடம் முன்பு, ஒருவர் பேச்சை நம்பி, ஏறமுடியாத லொஃப்டில் காப்பு இருப்பதாகப் பதிந்தேன். அந்தக் கோப்பைத் தணிக்கைக்கு எடுத்தார்கள். காட்டப் படம் இல்லை. சான்றிதழை என் செலவில் திருத்திக் கொடுக்கவேண்டி வந்தது. அந்தப் பயம் எனக்கு இருந்தது. அதோடு, விற்கிறவர் சொல்லையெல்லாம் எழுதினால் வாங்கிக்கொண்டு வந்து குளிரில் இருக்கப்போகிறவருக்கு யார் பதில் சொல்வது? இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்தச் சுவரில் ஒரு பிளக் சொக்கெட் இருந்தது. ஒரு எலெக்ட்ரீசியன் மின்சாரத்தை நிறுத்தி அதைக் கழற்றினால், போர்டின் வெட்டு விளிம்பும் பின்னால் இருப்பதும் தெரியலாம். படம் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது தெரியும். சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு பார்க்கிங் (Barking) என்ற ஊரில் அடுத்த வீடு. சொல்லியிருந்தால் இன்னொரு நாள் வரவேண்டும், அதே 65 பவுணுக்கு.

சொக்கெட்டின் பின்னால் இரும்புப் பெட்டி மறைத்திருக்கும், ஒன்றும் தெரிந்திராது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்சுவரில் கண்டதை வைத்துப் பின்சுவருக்கு எப்படி எழுதுவது என்றும் யோசித்தேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் 'இல்லை' என்று சொன்ன நிமிடத்தில் இவற்றில் ஒன்றுகூட என் மனதில் இருக்கவில்லை. கடிகாரம்தான் இருந்தது.

அன்றிரவு மென்பொருளில் சுவருக்குக் காப்பு இருப்பதாக அந்த ஒரு பதிவை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 51 இருந்த புள்ளி 59 ஆனது. 55இல் டி (D) தரம் தொடங்குகிறது. நான் கொடுத்தது அதற்கு ஒரு படி கீழே, ஈ (E).

முந்தைய குளிர்காலத்து எரிவாயு பில்லைப் பார்த்தபிறகு வீடு வாங்குகிறவர்கள் அந்த எழுத்தைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் சுவருக்குக் காப்புப் போடும் செலவென்று 4,000 பவுண் குறைக்கச் சொன்னார்களாம். அன்ரி குறைத்துவிட்டார். எழுத்து நன்றாக இருந்திருந்தாலும் வேறு காரணம் சொல்லிக் குறைத்திருப்பார்கள் என்றார் ஏஜென்ட். இருக்கலாம். பொய்லரும் பழசுதான்.

சான்றிதழில் அந்தச் சுவருக்கு நேரே 'காப்பு இல்லை (அனுமானம்)' என்று இருக்கிறது. கண்ணில் படாததை இல்லை என்று எடுத்துக்கொள்வது படிவத்தின் வழக்கம். அதுவாவது 'அனுமானம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. நான் அன்ரிக்கு வெறும் 'இல்லை' மட்டும் சொன்னேன்.

இப்போதெல்லாம் போகுமுன்பே ரசீது, படம், இடைவெளிச் சுவர் நிரப்பியிருந்தால் அதன் 25 வருட உத்தரவாதக் கடிதம் எல்லாவற்றையும் தேடி வைக்கச் சொல்லி மெசேஜ் அனுப்புகிறேன். சொக்கெட் விஷயத்தை எல்லோருக்கும் சொல்கிறேனா? நேரம் இருந்தால் சொல்கிறேன். போன மாதம் இல்ஃபர்டில் ஒருவருக்குச் சொன்னேன். உடனே ஸ்க்ரூட்ரைவரோடு வந்துவிட்டார். பதறிப்போய்த் தடுத்தேன். எலெக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கூப்பிடவில்லை. அந்த வீட்டுக்கும் ஈதான் போனது.

ஈஸ்ட் ஹாம் வீட்டின் சான்றிதழ் 2033 வரை செல்லும். வாங்கியவர்கள் அந்த போர்டை உடைத்தார்களா, உடைத்தபோது பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருவால் போகிற நாட்களில் வாசலில் இடிபாடு போடுகிற குப்பை ஸ்கிப் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.