மாண்ட்ரியால் உடன்படிக்கையும் அம்மாப்பேட்டை ஏசி பட்டறையும்

கத்திரி வெயிலில் 40 டிகிரியை எட்டும் சேலத்தில், ஏற்காட்டுக்கு ஏறிப்போக வசதியும் விடுப்பும் இல்லாதவர்கள் தவணையிலாவது ஓர் ஏசி வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குள் ஓடும் வாயுவைக் குறித்து உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் நம் பட்டறைகள்வரை போதிய அளவு வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

குளிர்சாதனங்களில் அன்று பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரௌலண்டும் 1974-இல் எழுதினார்கள். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் மெலிந்திருப்பது 1985-இல் வெளியானது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியால் உடன்படிக்கை உருவானது. எந்த வாயுவை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது என்ற அட்டவணை அதில் இருந்ததோடு, வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், 1990-இல் லண்டனில் முடிவான தனி நிதியின் உதவியும் கிடைத்ததால்தான் அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்று நான் கருதுகிறேன். இந்தியா 1992-இல் இணைந்தது. ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவு பெற்ற அறிவியலாளர் குழுவின் மதிப்பீடு.

ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவியைக் கடுமையாகச் சூடாக்குகின்றன. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் மாண்ட்ரியால் உடன்படிக்கைக்குத் திருத்தம் வந்தது. 2021-இல் அதை ஏற்ற இந்தியா, 2032-இல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

பழைய ஏசிகளில் இன்னும், ஓசோனையும் சிதைத்துப் புவியையும் சூடாக்கும் ஆர்-22 என்ற வாயு இருக்கிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ஆயினும் புதிதாக கேஸ் அடிக்கும் முன், உள்ளே மிஞ்சியதைத் திறந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அம்மாப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும், எங்களுக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் இதைக் கேட்டேன். வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் இயந்திரம் இருப்பது அவருக்குத் தெரியும். அதன் விலையைக்கூடச் சமாளித்துவிடலாம் என்றார். "புடிச்சு வச்சா யார்கிட்டங்க கொடுக்கறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிய சிலிண்டர் விற்கும் கடைகளே பழைய வாயுவை எடைபோட்டு, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். 2032 வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.