மூன்று கிழமை

"தம்பி, மருந்தடிக்காம எத்தினை நாள் பொறுக்கோணும்?" என்று நீர்வேலியில் பப்பாசி வைத்திருக்கும் அக்கா கேட்டார். "மூண்டு கிழமை" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் நீர்வேலிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மூன்று எங்கிருந்து என் வாயில் வந்தது என்று யோசிக்கிறேன்.

பப்பாசி இலையின் கீழே லென்ஸ் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பஞ்சுப் பூச்சிகளுக்கு நடுவே சில உப்பிப் பழுப்பாகி, வட்டத் துளையோடு வெறும் கோதாய்க் கிடந்தன. பூச்சிக்குள் முட்டையிட்டு, குஞ்சு அதைத் தின்று துளைத்து வெளிவரும் குளவி வந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2008இல் இந்தப் பூச்சி இலங்கையில் தென்பட்டது. அடுத்த ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து எடுப்பித்து விட்ட குளவி அது. ஒரு மில்லிமீற்றர்கூட வராது. யாரும் கொண்டுபோய் விடாமலே அந்த வளவுக்கு வந்து சேர்ந்ததில், சொந்தப் பிள்ளை சோதினை பாஸ் பண்ணின சந்தோஷம் எனக்கு. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். மெழுகுப் பஞ்சுக்குள் கிடக்கும் பூச்சியில் மருந்து ஒழுங்காகப் படவும் படாது. அடிக்க வேண்டாம் என்றது பிழையில்லை. இன்றும் அதையே சொல்வேன்.

பிழை அந்தக் கணக்கில். ஒரு தலைமுறைக் குளவி வெளிவரும் நாளைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஒரு தலைமுறை தோட்டத்தைக் காக்காது. அதன் பிள்ளைகளும் பெருக வேண்டும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நின்று குளவியை விரட்டும். தண்டில் பட்டி கட்டிக் கிறீஸ் பூசச் சொல்லவும் அன்று மறந்தேன். இல்லை, கூடச் சொன்னால் பொறுக்கமாட்டார் என்று தெரிந்துதான் குறைத்துச் சொன்னேனோ? சரி, அதுவும் இருக்கலாம்.

அவர் பொறுத்தார். நாலாம் கிழமையும் பொறுத்தார். குருத்துச் சுருண்டது, காயெல்லாம் கரிபோலப் பூஞ்சணம் படிந்தது, பாதிக் காயைச் சந்தையில் எடுக்கவில்லை. போனில் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஐப்பசி மழை வந்தது, மரங்கள் தெளிந்தன. குளவியால் என்று அறிக்கையில் எழுதினேன். பெருமழை இந்தப் பூச்சியைக் கழுவிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மருந்தடித்த பக்கத்து வளவும் அதே கிழமைதான் தெளிந்தது.

"உங்கட குளவி மழையில நனைஞ்சிருக்கும், பாவம்" என்றார் அக்கா. நக்கலா, இரக்கமா என்று இன்னும் பிடிபடவில்லை.

போன மாதம் அச்சுவேலியில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். "ரெண்டு மாதமும் செல்லும், ஐயா" என்றேன். அன்று பின்னேரமே மருந்தடித்துவிட்டார்.