ஐம்பதில் நிலைத்தது: லிமிடெட் எடிஷன் பெட்டிகளும் சிங்கப்பூர் ஈரமும்

இந்த மழைக்காலம் முழுக்க என் டிரை கேபினட்டுக்குள், அதாவது ஈரத்தை உறிஞ்சிக் கட்டுக்குள் வைக்கும் அலமாரிக்குள், ஈரப்பதம் 48 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை, 52க்கு மேலே ஏறவில்லை. டிசம்பர் கடைசியில் விடிய விடியக் கொட்டியபோதும், ஜனவரியில் துணி காயாமல் வீடெல்லாம் வாடை அடித்தபோதும் எண் அசைந்து கொடுக்கவில்லை. பழைய திரைப்படங்களின் லிமிடெட் எடிஷன் ப்ளூரே பெட்டிகளை இந்த ஊரில் வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ரொம்ப நாளாகக் கைக்கு அடங்காமல் இருந்தது இப்போது அடங்கியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

வட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாலிகார்பனேட், கீறாமல் வைத்தால் போதும். கவலையெல்லாம் காகிதத்தைப் பற்றித்தான். ஆரோ, இண்டிகேட்டர், ரேடியன்ஸ் என்று ப்ளூரே வெளியிடும் எந்த பிரிட்டிஷ் லேபிளை எடுத்தாலும், முதல் அச்சில்தான் கெட்டி அட்டைப்பெட்டியும் கட்டுரை நூலும் வரும். அது விற்றுத் தீர்ந்தபின் அதே வட்டு பெரும்பாலும் சாதா உறையில் மறுபடி கடைக்கு வந்துவிடும். ரேடியன்ஸின் 3,000 பிரதிப் பதிப்பு என்றால் முதுகைச் சுற்றி ஒபி என்ற காகிதப் பட்டை ஒன்றும் இருக்கும், ஊதினால் பறக்கிற கனம். ஆக நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது அட்டையும் நூலும் பட்டையும்தான். அது போய்விட்டால் கையில் மிஞ்சுவது சாதாப் பதிப்பு.

இந்த ஊர் காற்றோ வருடம் முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் சுமக்கிறது. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். 65க்கு மேலே போய் அங்கேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். பெட்டியின் வெளிப்புறம் லேமினேட் செய்திருப்பதால் ஈரத்தை வாங்காது. உள்ளே இருக்கிற சாம்பல் அட்டை வாங்கும். ஒரு பக்கம் மட்டும் உப்புவதால் பெட்டியின் வாய் மெல்ல அகன்றுபோகிறது, உள்ளே இருக்கும் உறை தானாக வழுக்கி வெளியே வருகிறது. நூல்களில் பளபளப்பில்லாத தாள் முதலில் நமுத்துப்போகும். முதுகை ஒட்டி அலை அலையாக எழும், பிறகு பழுப்புப் புள்ளிகள், கடைசியில் அந்த வாடை.

என்னிடம் இருக்கும், அமெரிக்க லேபிளான கிரைட்டீரியனின் அபு முப்படத் தொகுப்பு, 2015இல் வந்தது, அதன் நூலில்தான் முதல் அலையைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அந்தப் படங்கள் பட்ட பாடு அப்படி. 1993இல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது சத்யஜித் ராயின் மூல நெகட்டிவ்கள் எரிந்தும் உருகியும் போயின. மிஞ்சியவற்றைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருந்தது. பிற்பாடு இத்தாலியின் பொலோன்யாவில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரொவாத்தா கூடத்தில், காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த சுருளுக்கு ஈரம் ஊட்டி, கிழிந்த ஓரங்களைக் கையால் ஒட்டி, ஃபிரேம் ஃபிரேமாக மீட்டார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 விழுக்காடு, ‘அபராஜிதோ’வில் 60க்கு மேல் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. அவ்வளவு உழைப்பின் கதையைச் சொல்லும் நூல் என் வீட்டு அலமாரியில் புழுங்கிப் போகக் கூடாது. அங்கே ஈரம் ஊட்டினார்கள், இங்கே நான் ஈரத்தை விரட்ட வேண்டியிருந்தது.

முதலில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் அறையில் வைத்துப் பார்த்தேன். அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில் வேறு எங்கே இடம்? ஆனால் காற்றோட்டம் இல்லாத அறை அது, ஈரம் உள்ளே போனால் வெளியே வராது. படுக்கையறையில் இரவு ஏர்கான், பகலில் இல்லை. இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம், அட்டை தினமும் சுருங்கி விரிகிறது. கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் ஈரத்தை நன்றாக இழுக்கின்றன. இழுத்த ஈரம் உப்புநீராகக் கீழே தேங்குகிறது, கவிழ்ந்தால் பெட்டிகளின் கதி என்ன என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை. சிலிக்கா ஜெல் இதற்கு நேர்மாறு. அடைத்த பெட்டிக்குள் போட்டால் 30க்கும் கீழே இழுத்துவிடும், நூலின் முதுகுப் பசை வெடிக்க ஆரம்பிக்கும்.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் புளோக்கிலேயே இருக்கும் ஓர் அண்ணன். பறவைப் படம் எடுப்பவர், கேமரா வைக்கிற டிரை கேபினட்டைப் பெரிதாக மாற்றிக்கொண்டு பழையதை எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: “தம்பி, லென்ஸுக்கு 40 வச்சாலும் ஒன்னும் ஆகாது. காகிதத்துக்கு அது ஆகாது, மொறுமொறுன்னு ஆயிடும். அப்புறம், கதவுல ஈரம் காட்டுற அந்த முள்ளை நம்பாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கேபினட் வாங்குவது சுலபம், காசு இருந்தால் போதும். உள்ளே உண்மையில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். மலிவு ஈரப்பதமானிகள் ஐந்து புள்ளி இப்படியோ அப்படியோ தப்புக் காட்டுவது சர்வசாதாரணம். 50 என்று நினைத்து 57இல் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இதற்கு உப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. சிகார் வைத்திருப்பவர்களும் கிட்டார்க்காரர்களும் காலங்காலமாகச் செய்வது. நம் ஆட்கள் யாரும் இதை விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் முக்கால் அளவுக்குச் சாப்பாட்டு உப்பு. அதன்மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பதம் முக்கியம். உப்பு கரைந்து மேலே நீராக நிற்கக் கூடாது. ஈர மணல் போலக் குவித்தால் குவிந்து நிற்க வேண்டும். நான் மருந்துச் சொட்டுக்குழாயில் விட்டேன், ஒவ்வொரு சொட்டுக்கும் பல்குச்சியால் கிளறினேன். ஓரத்தில் மட்டும் லேசாக மினுமினுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். கரையாத உப்பும், இதற்குமேல் உப்பு கரையாத நிறைகரைசலும் சேர்ந்து இருக்கும்வரை, மூடிய இடத்துக் காற்று 75 விழுக்காட்டில் போய் நிற்கும். காற்றில் ஈரம் கூடினால் உப்பு வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கரைசல் கொடுத்துவிடும். 25 பாகை செல்சியஸில் 75.3, 30 பாகையிலும் 75தான். நம் வீட்டு வெப்பத்துக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

மூடியையும் மானியையும் ஒரே ஜிப் பையில், உப்பு மானியில் படாதபடி வைக்க வேண்டும். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றக் கூடாது, கொஞ்சம் உப்பலாகவே மூட வேண்டும். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டேன். ஏர்கான் போடாத அறையில் ஒரு முழு இரவு, குறைந்தது 12 மணி நேரம். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்தால் எண் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். பையின் உட்புறம் பனித்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது, அறையின் சூடு ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் பையைத் திறக்காமலேயே எண்ணைப் படித்தேன். ஒரே கடையில், ஒரே மாதிரியாக வாங்கிய மானிகள், ஒன்று 70 காட்டியது, ஒன்று 79, ஒன்று 74. ஒவ்வொன்றின் முதுகிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி +5, −4, +1 என்று எழுதிவிட்டேன். 75இல் இருக்கும் பிழை 50இலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் கீழ்ப்பக்கமும் ஒரு புள்ளி தேவை. மக்னீசியம் குளோரைடின் நிறைகரைசல் 33இல் நிற்கும். டோஃபு உறைய வைக்கிற நிகாரி உப்பு பெரும்பகுதி அதுதான். அதையும் இதே மாதிரி செய்தேன். 79 காட்டிய மானி இந்த முனையில் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, அதனால் அதை நம்பமுடியாது என்று ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டும் இரு முனையிலும் ஒரே அளவு விலகின, அவைதான் இப்போது கேபினட்டில்.

உள்ளே வைத்துப் பார்த்தால், கதவு முள் 45 என்கிறது, திருத்திய எண் 57! மேல்தட்டைவிடக் கீழ்த்தட்டு நான்கு புள்ளி கூடுதல் வேறு. கேபினட்டின் ஈர அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் காத்திருந்து, பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் தள்ளி அடுக்கியதும் இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று நெருங்கின. முள் இப்போது 38இல் நிற்கிறது, உள்ளே 50. முள்ளின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மறைத்தாயிற்று.

கேபினட்டில் அடங்காத பெட்டிகளுக்கு ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 49 எண் போட்ட இருவழி ஈரப்பொதி. இதுவும் அதே நிறைகரைசல் தத்துவம்தான், கூடினால் வாங்கும், குறைந்தால் கொடுக்கும். கிட்டாருக்காக விற்பது. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார்க் கடைகளும் பழைய கேமராக் கடைகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், ஒரே நடையில் பொதி, கேபினட் விசாரணை இரண்டும் முடிந்துவிடும். உறைகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிவிசி உறை நாளடைவில் மேலட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன்தான் சரி. அதிலும் மடிப்பில் பசை உள்ள உறையை வாங்காதீர்கள், பெட்டியை உருவும்போது ஒபியை அப்படியே பிடித்துக்கொள்ளும். பசை உறையின் உடம்பில் இருக்க வேண்டும்.

பசை என்றதும் பார்சல் ஞாபகம் வருகிறது. பிரிட்டனிலிருந்து வரும் பெட்டிகளின் மூலை நசுங்குவது எனக்குத் தீராத ஆத்திரம். ஒரு கடை எண்ணிட்ட பதிப்பைக் குமிழ் உறையில் போட்டு அனுப்பியது. எண்ணிட்ட பொருளை எப்படி மாற்றிக் கொடுப்பார்கள்? பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்றார்கள். எனக்குப் பணமா வேண்டும்? இப்போதெல்லாம் இரட்டைச் சுவர் அட்டையில் அனுப்புவீர்களா என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால்தான் வாங்குகிறேன். 2023இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அங்கே அவர்களுடைய 20 விழுக்காடு வாட் வரியைக் கழித்துக்கொள்ளும் கடையாகப் பார்த்தால் கணக்கு ஓரளவு சரியாகிவிடும். கிரைட்டீரியன் என்றால் அமெரிக்காவில் பாதி விலை விற்பனை வரும்வரை பொறுத்திருப்பேன். ப்ளூரே வட்டுகளை மண்டலவாரியாகப் பூட்டியிருப்பார்கள்; அமெரிக்காவும் நாமும் ஒரே ஏ மண்டலம், இங்கே விற்கும் கருவியிலேயே ஓடும். பிரிட்டிஷ் வட்டுகள் பெரும்பாலும் பி மண்டலம், பல மண்டலக் கருவி இல்லாமல் தொடவே முடியாது. 4கே வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு பாடுபட்டு ஓர் இடம் தயார் செய்தபின் அதில் வைக்கத் தமிழ்ப் படம் எது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ பிரிட்டனின் செகண்ட் ரன் போட்ட டிவிடியாக என்னிடம் இருக்கிறது. மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’யைப் பொலோன்யாவில் 2021இல் மீட்டெடுத்தார்கள். உதய் சங்கரின் ‘கல்பனா’வும், 1948இல் வந்தது, மீட்கப்பட்டு 2012இல் கான் விழாவில் ஓடியது. அது படமானது நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில்! அதே ஸ்டுடியோ, அதே வருடம் கொடுத்த ‘சந்திரலேகா’வுக்கு நூலோடும் பெட்டியோடும் ஒரு பதிப்பு என் கண்ணில் இன்றுவரை படவில்லை. ‘கர்ணன்’ 2012இல் துலக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது கூட்டம் கூடியதே, வாங்க ஆள் இல்லை என்று யார் சொல்வது? இங்குள்ள முஸ்தபா கடையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் வாங்கிய பழைய டிவிடிகளைத்தான் நான் பொன்போல வைத்திருக்கிறேன். நம் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் எடுத்த மலாய்ப் படங்களுக்கும் இப்படி ஒன்று வர வேண்டும். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’யில்தான், 1950இல், மலாய்த் திரை நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அந்தப் படம் ஒரு கட்டுரை நூலோடு வந்தால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

சரி, வேலை இன்னும் முடியவில்லை. பாதிப் பெட்டிகள் கூடத்து அலமாரியில்தான் இருக்கின்றன. 80இல் ஊறியிருந்த அட்டையை நேராக 50இல் கொண்டுபோய் வைத்தால் வளைந்த வாக்கில் இறுகிவிடுகிறது. அதனால் முதலில் ஏர்கான் அறையில் சில நாள், கனமான அகராதி இரண்டை மேலே ஏற்றி, நூலைத் தனியாக எடுத்துப் பலகைகளுக்கு நடுவே அழுத்தி, அதன்பிறகே கேபினட். அபு நூலின் அலை முக்கால்வாசி படிந்துவிட்டது. புள்ளிகள் போகாது, புதிதாகவும் வரவில்லை.

அடுத்தது லேசர் டிஸ்க். தமிழ்ப் பட லேசர் டிஸ்க்குகள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. இரண்டு தகட்டை ஒட்டிய பசை வழியாக அலுமினியம் கெட்டுப்போகும் நோய்க்கு எந்தக் கேபினட்டும் மருந்தாகாது, ஆனால் 30 செ.மீ. உறைகளின் அட்டையையாவது காப்பாற்றலாம். இந்தக் கேபினட்டில் அவை நுழையவில்லை. உள்ளாழம் 32 செ.மீ.க்குக் குறையாமல், தட்டுகளைக் கழற்றி நிற்கவைக்கும்படி ஒன்று வேண்டும். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் முதல் வேலை உப்புச் சோதனைதான், நிகாரி இன்னும் அரைப் பை மிச்சம் இருக்கிறது.