நீட் இயற்பியல்: ஈர்ப்பியலுக்கு விகிதம் போதும்

நீட் முடிவு வந்ததிலிருந்து குடியாத்தத்தில் எங்கள் தெருக்காரர்கள் என்னிடம் உயிரியலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கரைசேர்த்தது இயற்பியல். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

வேலூரில் நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஒரு சூத்திரத் தாளை நீட்டி, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கட்டிய பணத்துக்கு மிக மெல்லிய தாள். எனக்கு மனப்பாடம் வராது. அதனால் ஈர்ப்பு முடுக்கம் (கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பது) பற்றிய கேள்வி எதுவானாலும் ஒன்றைத்தான் பார்த்தேன்: புவி மையத்திலிருந்து தூரம் எத்தனை மடங்கு ஆகிறது? அதன் வர்க்கத்தால் வகுத்தால் விடை.

உயரம் புவியின் ஆரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஒன்றரை மடங்கு. முடுக்கம் 4/9 பங்கு. தாளில் இருந்த சூத்திரமோ, உயரத்தின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்கச் சொல்கிறது. போட்டுப் பாருங்கள், சுழி வரும்! அது சிறிய உயரங்களுக்கான தோராயம் மட்டுமே. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது அழகாகப் பொருந்தும். மலையின் நிறையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், குறைவு பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போனபோது உடம்பு லேசாகிவிட்டதாகத் தோழி ஒருத்தி சத்தியம் செய்தாள். 50 கிலோ உடம்புக்கு அது 11 கிராம் குறைந்ததற்குச் சமம்.

400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையத்துக்கும் இதே வழிதான். புவியின் ஆரம் 6400 கிலோமீட்டர் என்று கொண்டால், 6400-க்கு 6800, அதாவது 16-க்கு 17. வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட 89 சதவீதம்.

வர்க்கத்துக்கு வேலையில்லாத இடங்கள்:
- ஆழம்: அடர்த்தி சீரானது என்றால், மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதம். மையத்தில் சுழி.
- துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி². இந்த வித்தியாசத்தில் 0.034 புவியின் சுழற்சியால் வருவது. மிச்சம் புவியின் வடிவத்தால்.
- ஈர்ப்பியல் மாறிலி (ஈர்ப்பு விசைச் சூத்திரத்தில் வரும் G) எங்கேயும் மாறாது.

விசைகளை ஒப்பிடும் கேள்வியில் எனக்குத் தனிப் பிரியம். புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே மின்விசை, ஈர்ப்பு விசையைப் போல எத்தனை மடங்கு? சுமார் 2×10³⁹. இரண்டு விசைகளிலும் தூரத்தின் வர்க்கம் கீழே இருப்பதால் அடிபட்டுப்போகும். அணுவின் ஆரத்தைக் கேள்வியில் கொடுத்திருந்தாலும் தொடாதீர்கள். இரண்டு புரோட்டான்கள் என்றால் 10³⁶, இரண்டு எலக்ட்ரான்கள் என்றால் 10⁴². துகளைப் பார்க்காமல் அடுக்கை எழுதுவது ஆபத்து. இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளையும் ஒப்பிடச் சொன்னால், அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலிமையான அணுக்கரு விசையை 1 என்று கொண்டால், மின்காந்த விசை 10⁻², வலிமை குன்றிய அணுக்கரு விசை 10⁻¹³, ஈர்ப்பு 10⁻³⁹.

சுவரில் பல்லி ஒட்டியிருக்கிறதே, அதன் பாதத்து நுண்மயிர்களில் இருப்பது மின்காந்த வகை விசைதான். மொத்தப் பூமியும் சேர்ந்து இழுத்தும் அது விழுவதில்லை. ஆனால் மின்னூட்டத்தில் நேரும் எதிரும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், நிறைக்கு எதிர் கிடையாது. அணுக்கரு விசைகள் அணுக்கருவைத் தாண்டுவதில்லை. கோள்களின் அளவுக்குப் போனால் ஈர்ப்பு ஆள்வது இதனால்தான்.

தேர்வு மே மாதம், பிற்பகல் 2 மணிக்கு. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தலை சூடாவதற்குள் விகிதக் கேள்விகளை முடித்துவிட்டு, நீண்ட பெருக்கல் கேட்கும் கணக்குகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதால் அவற்றில் சிலவற்றை நான் தொடவே இல்லை.