கட்டெறும்பு எவ்வளவு தூக்கும்: எட்டு வாரம் நிறுத்துப் பார்த்த அனுபவம்

எறும்பு தன் எடையைப் போல் ஐம்பது மடங்கு தூக்கும் என்று பள்ளி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். எந்த எறும்பு, எந்தத் தரையில், தூக்கியதா அல்லது இழுத்ததா என்பதை மட்டும் எவரும் சொன்னதில்லை. எங்கள் வாசற்படியின் விரிசலில் கட்டெறும்புகள் பல ஆண்டுகளாகக் குடியிருப்பதால், மில்லிகிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கி, ஜனவரி முதல் வாரத்தில் நானே அளக்கத் தொடங்கினேன்.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. தட்டில் விட்ட எறும்பு ஓடிக்கொண்டே இருக்கும். மின்விசிறிக் காற்றுக்கும் தராசின் எண் தாவும். ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் பத்து எறும்புகளை அடைத்து நிறுத்து, குப்பியின் எடையைக் கழித்து, பத்தால் வகுத்தபோது ஓர் எறும்புக்கு 17 மில்லிகிராம் என்று வந்தது. ஆனால் கட்டெறும்புப் புற்றில் சிறிய வேலைக்காரிகளும் பெரிய தலை கொண்டவையும் கலந்தே திரிவதால், அந்தச் சராசரியை நம்பி மடங்குக் கணக்குப் போட்டதெல்லாம் தவறாகிவிட்டது. மூன்றாம் வாரம் முதல், சுமையோடு நடக்கும் எறும்பையே குப்பியில் பிடித்தேன். உள்ளே போனதும் பதற்றத்தில் அது சுமையைக் கீழே போட்டுவிடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே நிறுப்பது எளிதாயிற்று.

சுமையாக நெத்திலிக் கருவாட்டைச் சிறு கத்தரியால் வேண்டிய எடைக்கு நறுக்கிக்கொண்டேன். தரையில் படாமல் தூக்கி ஓரடி தூரமாவது நடந்தால்தான் அதைத் தூக்கியதாகக் கணக்கில் எடுத்தேன். அப்படி நிறுத்த 41 எறும்புகளில் பெரும்பாலானவை தம் எடையைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரையே சுமந்தன. 13 மில்லிகிராம் எடையுள்ள சிறிய வேலைக்காரி ஒன்று 62 மில்லிகிராம் துண்டைத் தூக்கிச் சென்றதே உச்சம். அது ஏறக்குறைய 4.8 மடங்கு.

அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு துண்டின் ஓரத்தைத் தாடையால் கவ்வித் தலையை நிமிர்த்துகிறது. துண்டும் தரையை விட்டு எழுகிறது. மறுகணமே பின்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் உதைக்க, எறும்பு முன்பக்கமாகச் சுமையின் மேலேயே குப்புறச் சாய்கிறது. கீழே போட்டுவிட்டு, சுற்றி வந்து, வேறு முனையைக் கவ்வி மீண்டும் முயல்கிறது. தாடையிலும் கழுத்திலும் வலு மிச்சம் இருக்கும்போதே நிலை தவறிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. சுமை முழுவதும் முன்னங்கால்களுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால், தூக்க முடிவதும் சுமந்து நடக்க முடிவதும் வேறு வேறாகிவிடுகின்றன. தென் அமெரிக்காவின் புல்வெட்டி எறும்புகள் தலையின் சாய்வை மாற்றிப் புல் துண்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்துச் சமநிலை காப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் வாசல் எறும்புகளும் துண்டைத் தலைக்கு மேல் பின்னால் சாய்த்துக்கொள்ள முயன்றன. 30 மில்லிகிராம் எடையில் உருண்டையாக நறுக்கிய துண்டைப் பத்தில் ஒன்பது முறை தூக்கிச் சென்றன; அதே எடையில் நீளவாக்கில் நறுக்கியதை நான்கு முறைதான் தூக்கின, மற்ற ஆறு முறையும் இழுத்தே சென்றன.

இழுப்பது என்று வந்துவிட்டால் எண்கள் மளமளவென்று ஏறுகின்றன. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் 15 மில்லிகிராம் எறும்பு ஒன்று 210 மில்லிகிராம் துண்டைக் கவ்விப் பின்னோக்கி நடந்தே நகர்த்தியது, பதினான்கு மடங்கு. அதே எடைத் துண்டை வழவழப்பான டைல்ஸ் மேல் வைத்தபோது, ஆறு கால்களும் நின்ற இடத்திலேயே ஓடின, துண்டு அசையவில்லை. இழுவையின் எல்லையைக் காலின் பிடிப்பே தீர்மானிக்கிறது.

5000 மடங்கு என்ற எண்ணையும் பலர் சொல்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது வந்தது. எறும்பின் தலையைத் தட்டில் ஒட்டி வேகமாகச் சுழற்றியபோது, உடல் எடையைப் போல் சுமார் 350 மடங்கு விசையில் கழுத்து நீளத் தொடங்கியது. அறுந்தது ஆயிரக்கணக்கான மடங்கில். அது கழுத்து ஒரு கயிறாக எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அதைச் சுமக்கும் திறனாக எடுத்துச் சொல்வது சரியல்ல. உடல் சிறுக்கும்போது எடை கன அளவாகவும் தசையின் வலு குறுக்குப் பரப்பாகவும் குறைகிறது. நீளம் பத்தில் ஒரு பங்கானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும், வலுவோ நூறில் ஒன்றாகத்தான் குறையும். வேலைக்கார எறும்புக்கு இறக்கை இல்லாததால், பறக்கும் தசைக்கு உரிய இடத்தைக் கழுத்துத் தசையும் கால் தசையும் நிரப்பியிருப்பதை ஊடுகதிர்ப் படங்களின் வழியே 2020இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கடைசி வாரம் கொல்லை மாமரத்தில் வாழும் முசுறு எனும் சிவப்பு எறும்புகளிடம் போனேன். கண்ணாடியில் தலைகீழாக நின்றபடி 500 மில்லிகிராம் எடையைப் பிடித்திருக்கும் முசுறு ஒன்றின் படம் 2010இல் பரிசு பெற்றது; தன் எடையைப் போல் நூறு மடங்கு. நூலின் ஒரு நுனியில் கருவாட்டுத் துணுக்கையும், மறுநுனியில் 27 மில்லிகிராம் காகிதக் கிண்ணத்தையும் கட்டி இலையருகே நீட்டினேன். ஒரு முசுறு துணுக்கைக் கவ்வியதும் நூலை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் 17 மில்லிகிராம் இருந்த இட்லி அரிசிகளை இடுக்கியால் கிண்ணத்தில் போட்டேன். பதினோராவது அரிசி வரை அது விடவில்லை: 214 மில்லிகிராம். பின்னர் நிறுத்தபோது அந்த எறும்பின் எடை 6 மில்லிகிராம். 35 மடங்குக்கும் அதிகம். ஆனால் அது ஓர் அடிகூட நகரவில்லை, கால்களை அகல விரித்து இலையைப் பற்றியபடி நின்றது. பன்னிரண்டாவது அரிசியை எடுப்பதற்குள் இலையின் பின்புறத்திலிருந்து இரண்டு முசுறுகள் வந்து, ஒன்று அதன் இடையையும், மற்றொன்று அடுத்ததன் இடையையும் கவ்விப் பின்னுக்கு இழுக்க, கிண்ணம் ஒரு விரற்கடை மேலே ஏறியது.